மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் போதுமா?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், குடிபாட்வா நெருங்கியதும், மும்பையில் மோட்டார் சைக்கிள் ஷோரூம்களில் கூட்டம் அலைமோதும். தாராவி தோல் பட்டறைத் தொழிலாளி, மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியிருக்கும் குமாஸ்தா, வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர் என்று தமிழர்கள் பலர் அங்கே நிற்பார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் அவர்கள் கையில். ஆனால் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" பணம் போவது இந்தக் கேள்வியில்தான்.

1970-களில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். உடனே வேண்டுமென்றால் 'பிரீமியம்' கொடுக்க வேண்டும். கேள்வி கேட்க முடியாத காலம் அது. இன்றோ ஓசூரிலும் ஒரகடத்திலும் புனே அருகிலும் வண்டிகள் குவிகின்றன. வாங்குபவரை விற்பவர் தேடுகிறார். பழைய தயக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

விலைச் சீட்டில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, யாராலும் குறைக்க முடியாதது. 350 சி.சி. வரையுள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. எக்ஸ்-ஷோரூம் விலை ஒரு லட்சம் என்றால், அதில் 15,254 ரூபாய் இந்த வரி. 125 சி.சி. பெட்ரோல் வண்டிக்கு மகாராஷ்டிர அரசின் ஒருமுறை வரி 11 சதவீதம். பதிவுக் கட்டணம் 300 ரூபாய். 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். இதற்கும் அரசே கட்டணம் நிர்ணயிக்கிறது.

மற்றது, டீலரின் கையில் இருப்பது. வண்டிச் சேதத்துக்கான இன்சூரன்ஸ், கடன், சீட் கவர், கிராஷ் கார்டு, பாலிஷ், 'ஹேண்ட்லிங் சார்ஜ்' எல்லாம் இதில் சேரும். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான்.

டீலருக்கும் சிரமம் உண்டு. கடன் வாங்கித்தான் வண்டிகளை எடுத்து நிறுத்துகிறார். விற்காத ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. மும்பையில் கடை வாடகையைச் சொல்லவே வேண்டாம். கம்பெனி தரும் கமிஷனோ சிறிது. ஆகவே மற்ற இனங்களில் லாபம் பார்க்கிறார். அது குற்றமல்ல. ஆனால் அந்த லாபம் எந்த இனத்தில் இருக்கிறது என்று அறிந்தவரே பேரம் பேச முடியும். சென்ற ஆண்டுத் தயாரிப்பு ஜனவரியிலும் கடையில் நின்றால், குறைத்துக் கேட்க அதுவே நல்ல சமயம்.

சட்டமும் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. குறிப்பிட்ட இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் வற்புறுத்தக் கூடாது என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017-ம் ஆண்டு நெறிமுறை. வெளியே விசாரித்து, குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம். வண்டியுடன் தரமான ஹெல்மெட் ஒன்றைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அதற்குத் தனியாகப் பணம் கேட்டால், ஏன் என்று கேட்க வேண்டும். ஷோரூம் வரை வண்டியைக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் அடக்கம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' எதற்கு என்றும் கேட்க வேண்டும்.

தவணையில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஒரு லட்சத்துக்கு 10 சதவீத 'பிளாட்' வட்டி, மூன்று ஆண்டு என்றால், மாதம் 3,611 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. உண்மையில் இது ஏறக்குறைய 18 சதவீத வட்டி!

மராத்தியோ ஆங்கிலமோ சரளமாக வராது என்பதற்காக, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இனவாரியாக எழுதிய விலைச் சீட்டை இரண்டு டீலர்களிடம் வாங்கி, வீட்டில் வைத்து ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வண்டி வாங்காமல் இருப்பதே நல்லது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இரவு ஷிப்டிலும் ஓவர்டைமிலும் சேர்த்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் வெட்கம் எதற்கு?