இரைப்பைக்குக் கிடைத்த பெயர்



சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாவிட்டால் கை தானாக மேல்வயிற்றைத் தடவும். செரிமானம் என்றாலே இரைப்பைதான் என்று நமக்கு ஒரு நினைப்பு. அதற்கு அந்தப் பெயர் கிடைத்ததில் ஒரு விபத்துக்கும் பங்குண்டு. 1822 ஜூனில் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலியாள் மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. ஆள் பிழைத்துவிட்டார், இரைப்பையில் விழுந்த துளை மட்டும் மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு என ஒவ்வொன்றாகப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளைக்குள் விட்டார். மணிக்கொரு தரம் வெளியே இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீர் உணவைக் கரைக்கும் விதத்தை 1833இல் நூலாக வெளியிட்டார். (ஓர் ஏழையை ஆண்டுக்கணக்கில் இப்படிச் சோதித்தது சரிதானா என்று இன்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.)

ஆனால் இரைப்பை செய்வது பெரும்பாலும் முன்வேலை. அமிலத்தில் ஊறவைத்து, பிசைந்து, கூழாக்கிச் சிறிது சிறிதாகக் கீழே தள்ளும். சத்தை உடம்பில் சேர்ப்பது சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல். அதன் முதல் 25 செ.மீ. முன்சிறுகுடல். பித்தநீரும் கணைய நீரும் வந்து சேருமிடம் அது. பித்தநீர் கொழுப்பைத் துளித்துளியாக்கும். கணைய நீர் அமிலத்தைத் தணித்து, மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் சிதைக்கும். குடலின் உட்சுவர் பூந்துவாலை போலிருக்கும்: ஒரு மி.மீ. உயரம்கூட எட்டாத குடலுறிஞ்சிகள், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய உறிஞ்சிகள். விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடநூல்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டதில், உணவுப்பாதை முழுவதும் சேர்ந்தே சுமார் 32 சதுர மீட்டர்தான். எனக்கு அதுவே வியப்புதான். அந்தச் சுவரின் மேல்தோலும் சில நாட்களுக்கொரு முறை புதிதாகிவிடுகிறது.

புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டு, உணவுக்குழலை நேராகச் சிறுகுடலோடு இணைப்பதுண்டு. அப்படி இரைப்பையை எடுத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, பி12 ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை இழந்தவர்கள் பலருக்கோ சத்தை ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டியிருக்கிறது.

வயிறு என்றால் இரைப்பை மட்டுமல்ல என்பதால், நம் இதழின் மருத்துவர் பகுதிக்குக் கேள்வி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘வயிற்றுக் கோளாறு’ என்பதோடு நிறுத்தாமல், வலி எந்த இடத்தில், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்பதையும் எழுதுங்கள். பதில் சொல்ல அவருக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்