மழையும் மெழுகும்

போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு வந்த புது டிவியில் முதல் படமாக ‘அந்த நாள்’ போட்டோம். மகன் தேடிப் பிடித்த பிரதி. டிஜிட்டலில் மெருகேற்றியது என்று மேலேயே போட்டிருந்தது. “பழைய படம் மாதிரியே தெரியலப்பா, கண்ணாடி மாதிரி இருக்கு” என்றான். எனக்கோ ஐந்து நிமிடத்துக்கு மேல் மனம் ஒப்பவில்லை. குண்டடி பட்டு சிவாஜி தள்ளாடி விழுகிற முதல் காட்சியில், அவர் முகம் மெழுகில் வார்த்தது போல வழவழவென்று இருந்தது. நெற்றியில் ஒரு வரி இல்லை.

என் பெரியப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். பத்து ஊர் சுற்றிவிட்டுத்தான் எங்கள் ஊருக்குப் படப்பெட்டி வரும். பிரிண்ட் முழுக்கக் கீறல். திரையில் கோடு கோடாக இறங்கும்போது, “மழை பெய்யுதுடோய்” என்று தரை டிக்கெட்டிலிருந்து குரல் வரும். பெரியப்பா அதற்கு அசைய மாட்டார். லென்ஸைத் திருகிக்கொண்டே என்னிடம் சொல்வார்: “எழுத்தைப் பார்த்து ஃபோகஸ் வைக்காதடா, கண்ணு முழியைப் பாரு. அது சரியா வந்தா மத்ததெல்லாம் தானா வந்துரும்.” பழைய படத்தின் தரத்தைப் பார்க்க இன்றும் எனக்கு அதுதான் அளவுகோல்.

பளிச்சென்று இருப்பதும் தரமும் ஒன்றல்ல. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வெளிச்சம் பட்ட இடம், கழுவிய பிறகு நுண்ணிய வெள்ளித் துகள்களாக நிற்கிறது. நாம் பார்க்கும் முகம் அந்தத் துகள்களால்தான் ஆனது. ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள். ஒவ்வொன்றிலும் துகள் வேறு வேறு விதமாக அமைந்திருக்கும். அதனால்தான் திரையில் ஒரு மெல்லிய துடிப்பு தெரிகிறது. கம்ப்யூட்டரில் அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்தால், கூடவே கண்ணிமை முடியும், கன்னத்து வியர்வையும், சேலைக்கரையின் நெசவும் போய்விடும். கீறலை நீக்குவது வைத்தியம். துகளை நீக்குவது தோலை உரிப்பது.

அடுத்தது இருட்டு. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கி, மாருதி ராவ் ஒளிப்பதிவு செய்த ‘அந்த நாள்’ நிழலால் கட்டிய படம். எதைக் காட்டக் கூடாது என்று யோசித்து விளக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பு கறுப்பாகவே நிற்க வேண்டும். அதற்குள்ளும் ஒருவர் போட்டிருக்கும் கோட்டின் மடிப்பு லேசாகத் தெரிய வேண்டும். நான் பார்த்த பிரதியில் வெளிச்சத்தைக் கூட்டி, நிழலைச் சாம்பலாக்கியிருந்தார்கள். கொலை நடந்த வீட்டில் பயமே இல்லை.

மூன்றாவது, படத்தின் சட்டம். அந்தக் காலப் படங்கள் ஏறக்குறைய சதுரமானவை. உயரம் ஒரு பங்கென்றால் அகலம் 1.37 பங்கு. இன்றைய டிவியில் அகலம் 1.78 பங்கு. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டுவதே நேர்மை. பட்டை கூடாதென்று படத்தை இழுத்தால் எல்லாரும் குட்டையாகிவிடுவார்கள். மேலும் கீழும் வெட்டினால் கிட்டத்தட்ட கால் பங்கு படம் போச்சு. நெற்றி அறுபட்ட நடிகரும், பாதமில்லாத நடனமும்தான் மிஞ்சும்.

நன்றாகச் செய்யவே முடியாதா என்றால், முடியும். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ நெகட்டிவ் 1993-இல் லண்டனில் ஒரு லேப் தீ விபத்தில் கருகியது. இத்தாலியின் பொலோனா நகரத்து வல்லுநர்கள் அதில் எஞ்சியதைக் கையாலேயே கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம் செப்பனிட்டார்கள். நெகட்டிவ் உதவாத இடங்களில் வேறு நல்ல பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015-இல் வெளிவந்த அந்தப் பிரதியில் துகள் இருக்கிறது, இருட்டு இருக்கிறது, இந்திர் பாட்டியின் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் இருக்கிறது.

பாதிக் குற்றம் நம் வரவேற்பறையிலும் உண்டு. டிவியின் செட்டிங்ஸில் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள். அசைவை வழுக்கலாக்கி, சினிமாவை சீரியல் போலக் காட்டும் மோஷன் வசதியையும் அணையுங்கள். ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள். மகன் அன்றைக்கே செய்தான். படம் முழுதாகத் தேறவில்லை. ஆனால் சிவாஜியின் நெற்றியில் இரண்டு வரி திரும்பி வந்தது. பிரதியிலேயே அழித்ததை டிவி திருப்பித் தராது.

ஆகவே, பழைய படங்களின் உரிமை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெருகேற்றும் முன் உங்களிடம் இருக்கும் நெகட்டிவைத் தேடி எடுங்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் தாமதிக்க நேரமில்லை. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஃபிலிம் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். புளித்த ஃபிலிமைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. இருப்பதை நல்லபடியாக ஸ்கேன் செய்துகொள்ளத்தான் முடியும். அப்படி எடுத்ததில் நாலு கீறல் இருந்தால் இருக்கட்டும். மழையில் நனைந்த முகத்தை அடையாளம் தெரியும். மெழுகு முகம் யாருடையதும் அல்ல.