“கண்ணு, ஒரு வாய் தண்ணி குடு!” - வார்டில் ஒரு மாணவியின் முதல் வாரம்

காலை 6:30 மணி. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஈரோடு போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார் அந்த மாணவி. வயது 19. பிளஸ் டூ முடித்து, நர்சிங் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இன்று முதல் வார்டு டியூட்டி. மடியில் இருக்கும் பையில் புது ஓவர்கோட், சின்ன நோட்டு, இரண்டு பேனா, டிபன் பாக்ஸ். கையில் அப்பாவின் பழைய வாட்ச். ‘விநாடி முள் இருக்கிற வாட்ச் கட்டிக்கிட்டுத்தான் வரணும்’ என்று பயிற்சி மையத்தில் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் செல்போனில் மணி பார்க்கும் வீட்டில், அந்த வாட்ச்சைத் தேடிப்பிடித்து பேட்டரி போடவே இரண்டு நாள் ஆகிவிட்டது.

ஈரோடு, சேலம், மதுரை என எந்த ஊரில் காலை நேரத்தில் பெரிய மருத்துவமனை வாசலில் நின்றாலும், இவரைப் போன்றவர்களைப் பார்க்கலாம். அவர்களின் முதல் வாரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

பொம்மைக்குக் கூச்சம் கிடையாது

பயிற்சி மையத்தில் ஒரு கட்டிலும், அதில் ஆளுயர பொம்மையும் உண்டு. படுக்கை விரிப்பது, உடம்பு துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது எல்லாமே அந்த பொம்மையிடம் பழகியதுதான். அது முகம் சுளிக்காது. வலிக்கிறது என்று சொல்லாது.

காலை டியூட்டி ஆரம்பிக்கும்போது, இரவு டியூட்டி பார்த்த சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகப் போய், ‘இவங்களுக்கு நேத்து ஆபரேஷன்... இவங்களுக்கு நைட்டு ரெண்டு மணிக்குக் காய்ச்சல்’ என்று வார்டை ஒப்படைக்கிறார். பின்னாலேயே போகும் மாணவிக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை.

பெண்களுக்கான எலும்பு முறிவு வார்டு அது. முதல் வேலை, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஒரு பெண்மணிக்கு உடம்பு துடைத்துவிடுவது. படித்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு துண்டு, சோப்பு எல்லாம் தயார். நேராகப் போய்ப் போர்வையை விலக்குகிறார். அந்தப் பெண்மணி சட்டென்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்.

தப்பு எங்கே நடந்தது என்று சிஸ்டர் காட்டிக்கொடுக்கிறார். முதலில் திரையை இழுத்துவிட வேண்டும். ‘அக்கா, நான் இங்கே டிரெய்னிங் வந்திருக்கேன். உடம்பு துடைச்சுவிடலாமா?’ என்று கேட்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். அதிலும் எந்த இடத்தைத் துடைக்கிறோமோ அந்த இடம் மட்டும்தான் திறந்திருக்க வேண்டும். முகத்தில் ஆரம்பித்து, கண்களை மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். அந்தரங்க உறுப்புகளைக் கடைசியாக, தண்ணீரை மாற்றிக்கொண்டு சுத்தம் செய்ய வேண்டும்.

அது சும்மா குளிப்பாட்டும் வேலை கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. எழுந்து நடக்க முடியாதவரின் உடம்பை முழுதாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம் அதுதான். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா? விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையவில்லையா? அப்படியென்றால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பமாக இருக்கலாம். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. உடனே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்களை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது இதற்காகத்தான்.

கேட்காத சத்தமும் நோட்டில் இருந்த எண்ணும்

இரண்டாம் நாள், ஆறு கட்டில்களுக்கு நாடித்துடிப்பு, மூச்சு, காய்ச்சல், பி.பி. பார்த்து எழுதும் வேலை. பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, மூச்சு 12 முதல் 20 வரை என்பதெல்லாம் மனப்பாடம். மூச்சை எண்ணும்போது, ‘உங்க மூச்சை எண்ணப் போறேன்’ என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் யாருக்குமே மூச்சின் வேகம் மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அப்பாவின் வாட்ச்சுக்கு வேலை வருவது இங்கேதான்.

மூன்று கட்டில்கள் பிரச்னை இல்லாமல் முடிகின்றன. நான்காவது கட்டிலில் இருப்பவருக்கு நேற்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்துக் கேட்டால் சத்தமே வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் பேச்சு, கீழே டிராலி சத்தம். மறுபடி பார்க்கிறார். அப்போதும் சரியாகக் கேட்கவில்லை.

கேஸ் ஷீட்டில் முந்தைய நேரத்துக்கு நேராக 130/80 என்று எழுதியிருக்கிறது. அதையே இன்னொரு முறை எழுதிவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. முதல் வாரத்தில் கிட்டத்தட்ட எல்லா மாணவர்களுக்கும் வரும் சபலம்தான் இது. ‘இதுகூடத் தெரியலையா’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னும் இரண்டு கட்டில்கள் பாக்கியிருக்கிறதே என்ற அவசரம் மறுபக்கம்.

“எனக்குச் சத்தம் கேக்கலைங்க சிஸ்டர்...” என்று போய் நிற்கிறார். சிஸ்டர் எழுந்து வந்து பார்க்கிறார். 110/70. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முன்பைவிடக் குறைவு. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்கிறார்.

ஆபரேஷன் ஆனவருக்கு உள்ளே ரத்தக்கசிவு இருந்தால், வெளியே எதுவும் தெரியாமல் போகலாம். நாடித்துடிப்பு ஏறுவதும் பி.பி. இறங்குவதும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நம்பிப் பார்ப்பது அந்த எண்களைத்தான். அங்கே ஒரு பொய் எண் இருந்தால், அது ஓர் உயிரோடு விளையாடுவதாகிவிடும்.

அம்மாயி கேட்ட தண்ணீர்

மூன்றாம் நாள் காலை, ஏழாவது கட்டில். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த 70 வயதைத் தாண்டிய அம்மாயி. அன்று அவருக்கு ஆபரேஷன். கூட இருந்த மருமகள் மருந்து வாங்கக் கீழே போயிருக்கிறார்.

“கண்ணு, ஒரு வாய் தண்ணி குடு... தொண்டையெல்லாம் வறண்டுபோய்க் கிடக்குது.”

கட்டிலுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் இருக்கிறது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். உதடு வெடித்திருப்பதும் கண்ணில் படுகிறது. ஊரில் தாகம் என்று வருபவருக்குத் தண்ணீர் தர யோசிக்கிற வீடு உண்டா? மாணவியின் கை பாட்டில்வரை போய்விட்டது. அப்போதுதான் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் ‘என்.பி.ஓ.’ என்ற எழுத்துகளைப் பார்க்கிறார். வகுப்பில் படித்ததுதான். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம்.

மயக்க மருந்து கொடுக்கும்போது, வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்கிறார்கள். தெரியாமல் ஒரு டம்ளர் காபியோ இரண்டு இட்லியோ கொடுத்துவிட்டால், ஆபரேஷனையே தள்ளிவைக்க வேண்டிவரும்.

“அம்மாயி, இப்போ தரக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க. நான் போய் சிஸ்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்.”

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் அம்மாயி.

தரக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால், அவர் சிஸ்டரிடம் போகிறார். “ஏழாம் நம்பர் அம்மாயி ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடலைங்க. நாக்கு ரொம்ப வறண்டிருக்கு. அவங்களுக்கு எப்போங்க ஆபரேஷன்?”

சிஸ்டர் தியேட்டருக்கு போன் செய்கிறார். ஓர் அவசர கேஸ் வந்துவிட்டதால் வரிசை மாறிவிட்டது. அம்மாயியின் ஆபரேஷன் பிற்பகல்தான். அந்தத் தகவல் வார்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. சாதாரணமாக, திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஆனால், வெறும் தண்ணீரைப் பலருக்கு 2 மணி நேரத்துக்கு முன்புவரைகூட அனுமதிப்பார்கள். யாருக்குத் தரலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்பவர் மயக்க மருந்து டாக்டர். அம்மாயிக்குக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் தரலாம் என்கிறார் அவர். நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்.

தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி, அம்மாயிக்கு ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தது அந்த மாணவிதான்.

அதே பாட்டில், அதே தண்ணீர். கால் மணி நேரத்துக்கு முன்பு இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தால் அது தவறு. கேட்டுவிட்டுக் கொடுத்ததால் அது சிகிச்சையின் ஒரு பகுதி. ‘செய்யக் கூடாது’ என்பதைத் தெரிந்துகொள்வது இந்த வேலையின் பாதிதான். பார்த்ததை உரியவரிடம் போய்ச் சொல்வது மறுபாதி.

சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நீலம்

நான்காம் நாள், கழிவுகளைப் பிரிக்கும் வேலை. 2016-ம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளில். குளுக்கோஸ் டியூப், யூரின் டியூப், கையுறை சிவப்பில். ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளையாகாத வெள்ளை டப்பாவில். மருந்துக் கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். அவசரத்தில் மஞ்சள் பையில் ஒரு ஊசியைப் போட்டுவிட்டால், அடுத்து அந்தப் பையைத் தூக்கும் துப்புரவுப் பணியாளரின் காலில்தான் அது குத்தும்.

ஒருவேளை ஊசி நம் கையிலேயே குத்திவிட்டால்? அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் ஆபத்து. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளை வார்டுக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவது நல்லது.

கை கழுவுவதற்கும் கணக்கு உண்டு. சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் தேய்க்கும் கிருமிநாசினி என்றால் 20 முதல் 30 விநாடி. நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும், ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவிலும் இதைத் தவறவிடக் கூடாது.

“நான் படிக்கிற பொண்ணுங்க!”

நோயாளியின் உறவினர்களுக்கு, ஓவர்கோட் போட்ட எல்லோருமே சிஸ்டர்தான். “சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு, கழட்டிவிடுங்க”, “சிஸ்டர், இந்த ஊசியைப் போட்டுவிடுங்க” என்று ஒரு நாளைக்குப் பத்து முறை கூப்பிடுகிறார்கள். கேட்கக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். செய்துபார்த்தால் என்ன என்று கை துறுதுறுக்கும். “நான் படிக்கிற பொண்ணுங்க. சிஸ்டரைக் கூட்டிட்டு வர்றேன்” என்பதே சரியான பதில்.

இந்தப் படிப்பில் பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். நர்ஸாகப் பதிவு பெற 2 ஆண்டு ஏ.என்.எம்., 3 ஆண்டு ஜி.என்.எம்., 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் என்று அங்கீகரிக்கப்பட்ட படிப்புகள் இருக்கின்றன. அவற்றை முடித்தவர்கள்தான் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மகப்பேறு உதவியாளர்கள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். ஆறு மாத, ஓராண்டு உதவியாளர் படிப்பை முடித்தால் கிடைப்பது உதவியாளர் வேலை. அது கௌரவமான வேலை. மருத்துவமனைகளிலும், முதியோர் இல்லங்களிலும், வீட்டில் இருந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்வதற்கும் தேவைப்படும் வேலை. ஆனால், ‘ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம்’ என்று யாராவது சொன்னால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

சேரும் முன்பு நான்கு கேள்விகள் கேளுங்கள். சான்றிதழ் தருவது யார்? எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம் வார்டு பயிற்சி? வார்டில் மாணவர்களைக் கவனிக்கப் பொறுப்பான ஆள் உண்டா? தடுப்பூசி போடுவார்களா? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியம். மாணவி கிளம்பும் நேரம். ஆபரேஷன் முடிந்து, சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார் அம்மாயி. “திங்கக்கிழமை வருவியா கண்ணு?” என்கிறார்.

“வர்றேன் அம்மாயி. ஆனா வேற வார்டுல போட்டிருக்காங்க.”

“போனா என்ன, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ.”

கோபி பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சின்ன நோட்டை எடுக்கிறார். அந்த வாரம் புரியாமல் போன வார்த்தைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. பதினான்கு. திங்கள்கிழமை சிஸ்டரிடம் கேட்க வேண்டும்.