கட்டணச் சிறப்பிதழுக்கு நாங்கள் ஆசிரியர்களாக இருக்கமாட்டோம்

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிற சிலர் நாங்கள். ஆய்வு மாணவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வெள்ளாமை பார்க்கிறவர்கள் என்று கலந்த கூட்டம். பெயர்ப்பலகையும் கிடையாது, பதிவு எண்ணும் கிடையாது. இந்த மானாவாரிச் சீமையின் கண்மாய்களையும் நீர்ப்பங்கீட்டையும் பற்றி ஓர் ஆய்விதழில் சிறப்பிதழ் கொண்டுவரலாமா, அதற்குச் சிறப்பாசிரியர் பொறுப்பை எங்களில் சிலர் ஏற்கலாமா என்ற பேச்சு ஓராண்டாக ஓடுகிறது. வெளியூர் நண்பர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது.

கொண்டுவரலாம், ஏற்கலாம் என்பதுதான் எங்கள் முடிவு. ஆனால் கட்டுரையாளரிடம் பணம் வாங்கும் இதழோடு சேரமாட்டோம். காசு வசூலித்துக் கட்டுரை சேர்த்துக் கொடுக்கிற வேலைக்குச் சிறப்பாசிரியர் என்று பெயரிட்டால், அந்தப் பெயரும் எங்களுக்கு வேண்டாம்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்களில் ஒரு மாணவி தன் ஊர்க் கண்மாயின் மடைகளையும் கலுங்கையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு கோடை விடுமுறை அலைந்து எழுதியது. அதை ஒரு கல்லூரியின் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு அனுப்பி 1,500 ரூபாய் கட்டினார். வரும் கட்டுரைகளெல்லாம் ஓர் ஆய்விதழின் சிறப்பிதழாக வெளிவரும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. கருத்தரங்கு நாள் காலையில் குத்துவிளக்கு ஏற்றி முடித்த கையோடு மேடையிலேயே சிறப்பிதழை வெளியிட்டார்கள். செங்கல் கனம் இருந்தது. யாரும் ஒரு கட்டுரையையும் வாசிக்கவில்லை, யாரும் எழுந்து ஒரு கேள்வி கேட்கவில்லை, அதற்குள் எல்லாம் அச்சாகித் தைத்து வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், அவர் கட்டுரையின் இரண்டாம் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கிடந்தது. பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பிழைத்த பக்கங்களில் ‘கலுங்கு’ எல்லா இடத்திலும் ‘கலங்கு’ ஆகியிருந்தது. கண்மாய் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த ஊருக்குப் போகிற இடம் கலுங்கு. அந்தக் கல்லை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் கீழூர்க்காரர் வழக்குப் போடுவார். அந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான். பொறுப்பாசிரியர்கள் என்று முன்பக்கத்தில் ஐந்து பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருவர் படித்திருந்தாலும் ‘கலுங்குன்னா என்னம்மா?’ என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பார். அங்கிருந்து அந்த மாணவிக்கு வந்த ஒரே போன், பணம் கட்டிய ரசீதை அனுப்பச் சொல்லி வந்தது.

சிறப்பிதழ் என்பது நல்ல ஏற்பாடு. கண்மாயையே எடுத்துக்கொள்வோம். பொதுப்பணித்துறைப் பொறியாளருக்கு அது கொள்ளளவு, கல்வெட்டு படிப்பவருக்கு அது தானம், வழக்கறிஞருக்குப் பாத்தியதை, நாட்டார் வழக்காற்றியல்காரருக்கு மடை காக்கும் சாமியான மடைக்கருப்பு. இவர்கள் எல்லாரும் தனித்தனி இதழ்களில் தனித்தனியே எழுதி ஒருவரை ஒருவர் படிக்காமலே ஓய்வு பெறுகிறார்கள். ஒரே இதழில் ஒரே நேரத்தில் இவர்களை எழுதவைத்து, ஒருவர் கட்டுரையை மற்றவர் பார்வைக்கு வைத்தால் புதிதாக ஏதாவது கிளம்பும். அதற்குத்தான் வெளியிலிருந்து ஒரு சிறப்பாசிரியர். பொருள் என்ன, ஏன் இப்போது, யார் யார் எழுதக்கூடும், எந்த மாதம் எது முடியும் என்று ஒரு முன்மொழிவு எழுதி அவர் இதழின் தலைமை ஆசிரியருக்குத் தருகிறார். ஒப்புதல் கிடைத்தால் பொது அழைப்பு விடுகிறார், மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடிக்கிறார், திருத்தம் கேட்கிறார், வேண்டாததைத் திருப்பி அனுப்புகிறார். கடைசிச் சொல் தலைமை ஆசிரியருடையது. ஒழுங்காகச் செய்தால் ஓர் ஆண்டுக்குக் குறையாத வேலை.

இந்த ஏற்பாடு எப்படிக் கெட்டது என்பதற்கு உலகறிந்த சான்று இண்டாவி. 1997இல் கெய்ரோவில் தொடங்கிய பதிப்பகம் அது. 2021இல் அமெரிக்காவின் வைலி நிறுவனம் 29.8 கோடி டாலருக்கு அதை வாங்கியது. கட்டுரைக்கு இவ்வளவு என்று வருமானம் வருகிற இடத்தில் சிறப்பிதழ் கூடக்கூட லாபமும் கூடும். ஊர் பேர் தெரியாதவர்கள் சிறப்பாசிரியர்களாக உள்ளே வந்தார்கள், காசுக்குக் கட்டுரை செய்து தரும் ஆலைகள் அவர்கள் பின்னால் வந்தன. 2022 அக்டோபரில் சிறப்பிதழ்களை நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. 2023இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள், பெரும்பாலும் சிறப்பிதழ்களில் வந்தவை. அந்த ஆண்டு முடிவதற்குள் இண்டாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது.

கெய்ரோ கதை நமக்கெதற்கு என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். நம் வாசலில் நடப்பதும் அதுதான், தொகைதான் சிறிது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி மொழி, கலைத்துறை ஆசிரியர் ஒருவருக்கு ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். அந்தப் பத்துக்காக ஓடுகிற ஓட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, குடும்பம் இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது. 2019இல் அந்தக் குழு ஏற்கும் இதழ்களின் பட்டியலாகக் கேர் பட்டியல் வந்தது. பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரை என்பதற்கே விலை ஏறியது. ஒரே ஆண்டில் சிறப்பிதழ் மேல் சிறப்பிதழாகப் போட்டுத் தள்ளிய இதழ்களை நாங்களும் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறோம். அதே குழுவின் 2022 விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் போயிற்று, நல்ல இதழ் எது என்று நிறுவனங்களே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பழைய அழைப்பிதழ்கள் நிற்கவில்லை. இனி யார் சொன்னால் நம்புவது என்ற குழப்பத்தில் கட்டணச் சிறப்பிதழ்களுக்குக் கொண்டாட்டம்தான். நாங்கள் இப்போது வாய் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம், எங்களில் நாட்டார் வழக்காறு சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவருக்குப் புற்றுநோய் மருந்துகள் பற்றிய சிறப்பிதழுக்குச் சிறப்பாசிரியராக இருக்க முடியுமா என்று மின்னஞ்சல் வந்தது. ‘மாண்புமிகு டாக்டர்’ என்று தொடங்கியிருந்தது. பேய்க்கு வேப்பிலை அடிப்பது பற்றி அவர் எழுதிய கட்டுரையை மருத்துவம் என்று நினைத்திருப்பார்கள் போல.

நம் பக்கத்து ஆட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்களை எல்லாருக்கும் தெரியும். விலைதான் துண்டுக்குள் இருக்கும், தரகு யாருக்கு எவ்வளவு என்பது விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தெரியும். பத்துக் கட்டுரை சேர்த்துக் கொடுத்தால் உங்கள் கட்டுரைக்குக் கட்டணம் இல்லை என்று சிறப்பாசிரியரிடம் பேசப்படுவது எழுதுகிற மாணவருக்குத் தெரியாது. சந்தை இதைவிட நேர்மை.

ஆகவே எங்கள் பெயர் சிறப்பாசிரியர்களாக வர வேண்டுமானால், கட்டுரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், பிரதி வாங்கும் கட்டாயம் எதுவும் இருக்கக் கூடாது. அச்சுச் செலவுக்கு எங்கே போவது என்று இதழ் நடத்துகிறவர்கள் கேட்பது நியாயம்தான். 160 கட்டுரை வேண்டாம், 8 போதும் என்பது எங்கள் பதில். எட்டுக் கட்டுரையை அச்சிடச் சந்தா போதும், போதாததை நாங்கள் திரட்டித் தருவோம். எழுதுகிறவரிடம் மட்டும் கேட்கமாட்டோம்.

சிறப்பாசிரியரின் சொந்தக் கட்டுரைகள் இதழில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, அவற்றை வேறொருவர் தனியாக மதிப்பிட வேண்டும் என்பது டி.ஓ.ஏ.ஜே. என்ற உலகளாவிய இதழ்ப் பட்டியலின் விதி. நாங்கள் முன்னுரை தவிர வேறெதுவும் எழுதப்போவதில்லை. எங்கள் மாணவர் கட்டுரை அனுப்பினால் அதைத் தலைமை ஆசிரியரே கையாள வேண்டும், எங்களிடம் காட்டவும் கூடாது. எட்டில் நான்குதான் தேறுகிறது என்றால் இதழ் நான்கோடு வரட்டும்.

பெயர் மறைத்து மதிப்பிடுவதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. கட்டுரையாளர் பெயரை எடுத்துவிட்டாலும் கண்மாயின் பெயரைப் பார்த்ததும் எழுதியது யார் என்று இந்த வட்டாரத்தில் சொல்லிவிடுவார்கள். கண்மாய்ப் பெயரையும் மறைத்தால் கட்டுரையில் ஒன்றும் மிஞ்சாது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது: ஒரு மதிப்பீட்டாளர் இந்த மாவட்டத்துக்கு வெளியே இருந்து, பெயர் தெரியாமல் வாசிப்பார். இன்னொருவர் அந்தக் கண்மாய் பாயும் ஆயக்கட்டிலேயே தண்ணீர் பாய்ச்சியவர், எல்லாம் தெரிந்தே வாசிப்பார், அல்லது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அவர் கருத்து அவர் பெயரோடு கட்டுரையாளருக்குப் போகும். படிக்காதவர் எப்படி ஆய்வை மதிப்பிடலாம் என்று கேட்கும் இதழுக்கு நாங்கள் முன்மொழிவே அனுப்பப்போவதில்லை.

இது புதுமையும் இல்லை. இடைசெவலில் வெள்ளாமை பார்த்த கி. ராஜநாராயணன் பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். ஊர் ஊராக நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் திரட்டிய கரிசல் சொல்லகராதி 1982இல் வந்தது. அதில் ஒரு சொல்லுக்குப் பொருள் சரியா என்று கேட்க அவர் போனது அந்தச் சொல்லைப் புழங்குகிறவர்களிடம்தான். நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே 1969இல் ‘ஆராய்ச்சி’ என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழில் நாட்டார் வழக்காற்று ஆய்வுக்கு அது போட்ட அடித்தளத்தில்தான் இன்றைக்கும் பலர் நிற்கிறார்கள். பெரிய நகரமும் பெரிய நிறுவனமும் இல்லாமல் இதழ் நடத்த முடியும் என்பதற்கு எங்களுக்கு அது போதும்.

மொழி பற்றி: கட்டுரைகள் தமிழில் வரும். ஆங்கிலத்தில் இருந்தால்தான் மேற்கோள் காட்டுவார்கள் என்று எங்கள் இளைஞர்கள் சொல்வதை மறுக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் நீண்ட ஆங்கிலச் சுருக்கம் சேர்ப்போம். ஆனால் கிருதுமால் நதிக்கு வைகைத் தண்ணீர் கேட்டு மனு எழுதுகிறவருக்கு இந்த இதழ் கையில் கிடைத்து உதவ வேண்டும். விருதுநகரும் ராமநாதபுரமும் 2018இல் அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்ந்த பிறகு எத்தனையோ பேர் படிவத்தோடு வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் எழுதியது என்ன என்று பதில் சொன்னவர்களுக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் சிறப்பிதழில் தகவல் சொன்னவர் விரும்பினால் அவர் பெயர் நன்றியுரையில் இல்லாமல் கட்டுரைக்குள்ளேயே வரும். தகவல் தந்த ஒவ்வொரு ஊருக்கும் பிரதிகள் போய்ச் சேரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வோம்.

இரண்டு இதழ்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். ஒன்று பிரதிகள் தரச் சம்மதித்துவிட்டது, ஆயக்கட்டுக்காரர் மதிப்பிடுவதற்குத் தயங்குகிறது. இன்னொன்று பதில் சொல்லவில்லை. எது அமைந்தாலும் கட்டுரைகளைத் தை அறுப்பு முடிந்த பிறகே வாங்குவோம், முன்னால் கேட்டால் எங்கள் மதிப்பீட்டாளர்களில் பாதிப் பேர் களத்தில் இருப்பார்கள். எழுதியவர்களை வைத்து வாசிக்கும் கூட்டம் பங்குனியில். அப்போது கண்மாயில் தண்ணீர் இருக்காது. கட்டுரையில் எழுதிய மடைக்குள் இறங்கி, கல்லைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம்.