லோகோ வேணாம் மாப்ள, நோட்டீஸ் அடி!

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க முடியல மக்களே. ஆனா போன ஞாயித்துக்கிழமை ஒரு மேட்டர் நடந்துச்சு. அத எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.

காலேஜ் தோஸ்து ஒருத்தன் போன் பண்ணான். என்கூட மெக்கானிக்கல் படிச்சவன். நான் வழிதவறி மென்பொருளுக்கு வந்துட்டேன், அவன் திருமங்கலம் பக்கம் ஜிம் வெச்சிருக்கான். "மாப்ள, ரெஸ்லிங் கம்பெனி ஆரம்பிக்கிறேன்டா. டபிள்யூடபிள்யூஈ மாதிரி. பசங்க ஆறு பேரு இருக்கானுங்க, அதுல ரெண்டு பேரு வடக்க போய் முறையா கத்துட்டு வந்தவனுங்க. ரிங்குக்கு வெல்டிங் நடக்குது. நீ ஒரு லோகோ, ஒரு வெப்சைட்டு, இன்ஸ்டால ஓட்ட விளம்பரம், இதுக்கு மட்டும் வழி சொல்லு. பிராண்டா கொண்டு போகணும்டா"ன்னான்.

காசு ஏதுடான்னு கேட்டேன். அம்மா நகை அடகுல இருக்காம். அதுல பாதிய லோகோவுக்கும் விளம்பரத்துக்கும் ஒதுக்கி வெச்சிருக்கானாம். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. போன்ல சரியா சொல்ல வரல. அதான் இங்க எழுதுறேன். அவனும் படிப்பான், நீங்களும் படிச்சுட்டு நான் சொல்றது தப்புன்னா காய்ச்சி எடுங்க.

நான் ஒண்ணும் ரெஸ்லிங்க கிண்டல் பண்ற ஆளு இல்ல. டென் ஸ்போர்ட்ஸ் பாத்து வளந்த கூட்டம் நாங்க. ட்ரம்ப் கார்டுல பைசெப்ஸ் எவ்ளோ, செஸ்ட் எவ்ளோன்னு கத்தியே கிளாசுக்கு வெளிய நின்னவன். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிருன்னு சத்தியம் பண்ணிச் சொன்ன பயலுக இன்னிக்கு மூணு பேரு எச்ஆர்ல இருக்கானுங்க. ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த வயசுல நமக்கு கம்பெனி பேரா முக்கியமா இருந்துச்சு? ஆளு பேருதான். எங்க தாத்தாவுக்கு டபிள்யூடபிள்யூஈன்னா என்னன்னே தெரியாது. ஆனா எவனாவது சட்டைய மடிச்சு விட்டு நின்னா "ஆமா, இவரு பெரிய தாராசிங்கு"ம்பாரு. தாராசிங், கிங்காங் குஸ்தியெல்லாம் எந்தக் கம்பெனி நடத்துச்சுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆளு மட்டும் பழமொழியாவே நின்னுட்டாரு.

நம்ம நாட்டுல காசு இருந்தவனே இதுல கவுந்திருக்கான். 2012-ல 'ரிங் கா கிங்'னு ஒண்ணு வந்துச்சு, எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கு? அமெரிக்காவுல ரெண்டாவது பெரிய கம்பெனியா இருந்த டிஎன்ஏ எடுத்தது. ஜெஃப் ஜாரெட்டே வந்தாரு. புனே பாலேவாடி ஸ்டேடியத்துல ஷூட்டிங். கலர்ஸ் டிவியில ஒளிபரப்பு. தூதுவர் நம்ம ஹர்பஜன் சிங். 26 எபிசோடு ஓடுச்சு, ஒரே சீசனோட சங்கு. டிவி இருந்துச்சு, வெள்ளக்காரன் இருந்தான், கிரிக்கெட் வீரர் இருந்தாரு. என்னதான் இல்ல? என்னக் கேட்டா, அதுல வந்த ஆளுங்களுக்கு ஊரு இல்ல. பாதிப்பேரு பத்து நாளு வந்து சண்ட போட்டுட்டு பிளைட் ஏறுற விருந்தாளிங்க. அவங்க ஜெயிச்சா யாரு வெடி போடுவா?

இப்ப இதுக்கு நேர் எதிர் கேஸு. 2015-ல கிரேட் காளி பஞ்சாப் ஜலந்தர்ல சொந்தமா கம்பெனி, பயிற்சிக்கூடம் எல்லாம் ஆரம்பிச்சாரு. 2016 ஜூன்ல அங்க ஒரு காட்சி. பிபி புல்புல்னு ஒரு பொம்பள ரெஸ்லர் ரிங்குல நின்னு, தைரியம் இருந்தா எவளாவது ஏறி வாங்கடின்னு கூட்டத்தப் பாத்து சவால் விடுது. கூட்டத்துக்குள்ள இருந்து காவிக் கலர் சுடிதார்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு வந்து அந்தம்மாவ அப்படியே தூக்கிப் போட்டுப் பந்தாடுது. அந்த வீடியோ நாடு பூரா சுத்துச்சு. பாதிப்பேரு நெசம்னே நம்பிட்டாங்க. அந்தப் பொண்ணுதான் கவிதா தேவி. ஹரியானாக்காரங்க, முன்னாள் போலீஸ், அதே வருஷம் தெற்காசியப் போட்டியில பளுதூக்குதல்ல தங்கம் வாங்குனவங்க. 2017-ல அதே மாதிரி சுடிதாரோடயே டபிள்யூடபிள்யூஈ மேடையில ஏறுனாங்க, இந்தியாவுல இருந்து போன முதல் பொண்ணா. அங்க போய் தோத்தாங்க, ஆனா அந்த வீடியோவும் பிச்சுக்கிட்டுப் போச்சு.

அதுக்கு ஆன செலவு என்ன மாப்ள? ஒரு சுடிதார். யாரு வீட்டுலயும் ஒரு அக்கா போட்டுருக்கும் அத. பாக்குறவனுக்கு "அட, இது நம்ம தெருப்பொண்ணு"ன்னு தோணுச்சு பாரு, அதான் மேட்டர். காளியோட கம்பெனி பேரு எத்தன பேருக்குத் தெரியும்? சுடிதார் போட்டு அடிச்ச பொண்ணுன்னா ஊருக்கே தெரியும்.

இது ஒண்ணும் இன்னிக்குக் கண்டுபிடிச்ச வித்தை இல்ல. புறநானூறு 80-ஆவது பாட்ட எடுத்துப் பாருங்க. ஆமூர் மல்லன சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி சாய்ச்சத சாத்தந்தையார் பாடியிருக்காரு. ஒரு கால் மார்புல, இன்னொரு கால் பின்பக்கம் வளைச்சு, பசியில மூங்கிலை முறிக்கிற யானை மாதிரின்னு பிடி பிடியா ரன்னிங் கமெண்ட்ரி. அதெல்லாம் ஓகே. ஆனா முத்தாய்ப்பா ஒண்ணு வெக்கிறாரு பாருங்க: இத தித்தன் பாக்கணும், சந்தோஷப்பட்டாலும் சரி, படாட்டியும் சரி! தித்தன்ங்கிறது பையனோட மனஸ்தாபத்துல இருந்த அப்பான்னு உரைக்காரங்க சொல்றாங்க. சண்டை ஆமூர்ல, கண்ணு உறையூர்ல. எவன் ஜெயிச்சான்ங்கிறத விட, எவன் பாக்கணும்ங்கிறதுலதான் கதையே இருக்கு. சாத்தந்தையார் மட்டும் இன்னிக்கு இருந்தா அமெரிக்காக்காரன் ஸ்கிரிப்ட் எழுதக் கூட்டிட்டுப் போயிருப்பான்.

"அப்ப கபடி எப்படிடா பிராண்டு ஆச்சு?"ன்னு நண்பன் மடக்குனான். நியாயமான கேள்விதான். 2014 ஜூலைல புரோ கபடி எட்டு அணியோட ஆரம்பிச்சுது. மேட்டு, லைட்டு, 30 செகண்ட் ரெய்டு, மூணாவது ரெய்டுல பாயிண்ட் எடுக்கலேன்னா அவுட்டுன்னு டிவிக்குத் தோதா மாத்துனாங்க, செம ஹிட்டு. ஆனா அதுக்கு முன்னாடியே உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டின்னு எந்தப் பக்கம் போனாலும் திருவிழாவுக்குத் திருவிழா 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி'ன்னு பிளெக்ஸ் நின்னுச்சு. செல்லூர்ல ரவுண்டானாவுலயே கபடிக்காரனுக்கு சில இருக்கு. இருந்த நெருப்புக்கு டிவி பெட்ரோல் ஊத்துச்சு, அவ்ளோதான். அதுலயும் 2017-ல தமிழ் தலைவாஸ் வந்தப்ப சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கேப்டன் இமாச்சலத்துக்காரரு அஜய் தாக்கூர், அருமையான ஆட்டக்காரரு. ஆனா எங்க ஊர் டீக்கடையில முதல் கேள்வி, "இதுல நம்ம பய யாருப்பா?" தான். முதல் மூணு சீசன்லயும் ப்ளே-ஆஃப் பக்கமே போகல. தோத்தா கூட பரவாயில்ல, தோக்கும்போது திட்டுறதுக்காவது நம்மாளு வேணும்ல.

ரெஸ்லிங்குக்கு அந்த மாதிரி ஊர் ஊரா களம் கெடையாது. ஆனா இரவல் வாங்க ஒரு களம் இருக்கு. அதுவும் மதுரையில. ஸ்பெஷல் நாடகம்!

சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன். பங்குனி, சித்திரையில எங்க சுத்துப்பட்டு கிராமத்துல ராத்திரி பத்து மணிக்கு வள்ளி திருமணம் ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். அந்த நாடகக்காரங்க ஒரே கம்பெனி கெடையாது. ராஜபார்ட் ஒரு ஊரு, வள்ளி ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு. தனித்தனியா தேதி வாங்கி, அன்னிக்கு சாயங்காலம் பஸ்ஸ விட்டு இறங்கித்தான் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. ஒத்திகையே கெடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போட்டுக் குடுத்த பாதை எல்லாருக்கும் மனப்பாடம். நடுவுல நாரதரும் வள்ளியும் பண்ற தர்க்கம் மட்டும் அன்னன்னிக்கு கூட்டத்தோட மூடு பாத்து நீளும், சுருங்கும்.

அமெரிக்காவுல சின்னச் சின்ன ரெஸ்லிங் கம்பெனி நடக்குறது அச்சு அசல் இப்படித்தான்! தனித்தனியா புக்கிங், அன்னிக்கு சந்திப்பு, முடிவு மட்டும் பேசி வெச்சுட்டு நடுவுல கூட்டத்தப் பாத்து இழுக்குறது. நம்ம ஊர்ல இதே முறை நூறு வருஷத்துக்கு மேல ஓடிட்டிருக்கு, எவனும் இத பிராண்டுன்னு சொல்லல. நாடக நோட்டீஸப் பாத்திருக்கீங்களா? பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வரிசையா, கீழ ஆளு பேரு, பேருக்கு முன்னாடி ஊரு பேரு. ஊரு பேரு இல்லாம ஒரு கலைஞர் பேர் வராது. அதான் நான் சொல்றேன், லோகோவுக்கு வெச்ச காசுல நோட்டீஸ் அடி. ஆறு பயலுக்கும் ஆறு போட்டோ, ஆறு ஊரு.

காசு விஷயமும் இதுலதான் இருக்கு. நாடகத்துக்கு டிக்கெட் கெடையாது, விழாக் கமிட்டி பேசுன தொகைய குடுத்துடும். பிலடெல்பியாவுல ஈசிடபிள்யூன்னு ஒரு கம்பெனி 90-கள்ல ஒரு பிங்கோ ஹால்ல நடத்துச்சு. ரசிகர்களே வீடியோ கேசட் மாத்தி மாத்தி உலகம் பூரா பேர் வாங்கிக் குடுத்தாங்க. 2001-ல திவால். ஆடுன பசங்களுக்கே சம்பள பாக்கி. பேர் வர்றதும் காசு வர்றதும் ஒண்ணு இல்ல மாப்ள. முன்பணம் வாங்காம ரிங்க லாரியில ஏத்தாத.

அப்புறம் மைக் பிடிக்கிற ஆளு. இத நான் அடிச்சுச் சொல்வேன், உலகத்துலயே பெரிய ரிங் அனவுன்சர் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல் மேல உக்காந்திருக்காரு. மாடு வெளிய வர்ற அந்த நாலு செகண்டுக்குள்ள யாரு மாடு, எந்த ஊரு, பிடிச்சா என்ன பரிசு, மாட்டுக்காரரோட தாத்தா பெருமை, நடுவுல "ஏய் பச்ச டி-ஷர்ட்டு, வால விடு"ன்னு அதட்டல், அத்தனையும் ஒரே மூச்சுல. அண்டாவும் கட்டிலும் சைக்கிளும் ஒலகக் கோப்பை மாதிரி கேக்கும். அப்படி ஒருத்தர கெஞ்சிக் கூத்தாடியாவது கூட்டிட்டு வா. இங்கிலீஷ்ல "லேடீஸ் அண்ட் ஜென்டில்மேன்"னு எவனாவது ஆரம்பிச்சா கூட்டம் பரோட்டாக் கடைக்குப் போயிடும்.

"பொய்ச் சண்டைன்னு சொல்லுவாங்களேடா"ன்னு பயப்படுறான். வள்ளி கடைசியில முருகனத்தான் கட்டிக்கும்னு எல்லாக் கெழவிக்கும் தெரியும். இருந்தும் விடிய விடிய பாயப் போட்டு உக்காந்திருக்கு. ஏமாத்தாம, இது ஆட்டம்னு மைக்கிலயே சொல்லிடலாம். ஆனா விழுறது மட்டும் நெசம். அதனால நாடக மேடை சிமெண்ட்டுத் தரையில நடத்துனா நானே போலீஸுக்குப் போன் போடுவேன். ரிங்கு வந்தாத்தான் ஆட்டம். சின்னப் பசங்க வீட்டுல செஞ்சு பாக்கக்கூடாதுன்னு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னாடி பபூன விட்டே சொல்ல வெக்கணும். பபூன் சொன்னாத்தான் பசங்க கேப்பானுங்க.

இதுல எனக்கே நெருடுற இடம் ஒண்ணு இருக்கு. ஊரு பேரப் போடுன்னு சுலபமா சொல்லிட்டேன். நம்ம தெக்கத்திப் பக்கம் ஊரு பேருக்குப் பின்னாடி என்ன ஒளிஞ்சிருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். கபடி மேட்சுல ஆரம்பிச்சு சாதித் தகராறுல முடிஞ்ச கதை எத்தன. 'பைசன்' படத்துல கூட அந்த வலிதான். ரெண்டு ஊர்க்காரன மோத விட்டா டிக்கெட் விக்கும், மறுநாள் பஸ்ஸு மேல கல்லும் விழும். அந்த வழியில வர்ற பேரு நமக்கு வேணாம், அது எவ்ளோ வேகமா வந்தாலும்.

அதனால நாயகனுக்கு மட்டும் ஊரு. வில்லனுக்கு ஊரு கெடையாது, உத்தியோகம்தான். நான் சொன்ன முதல் வில்லன்: குழு லோன் வசூலுக்கு வர்ற ஆளு. கையில டேப், முதுகுல பேக், வாசப்படியில உக்காந்துக்கிட்டு "அக்கா, டியூ கட்டுற வரைக்கும் நான் கெளம்ப மாட்டேன்". இந்தாள எந்த ஊர்ல, எந்தத் தெருவுல இறக்குனாலும் பொம்பளைங்க எந்திரிச்சு நின்னு சாபம் விடுவாங்க. அவன ஒரு பொண்ணு வந்து தூக்கிப் போடுதுன்னு வெச்சுக்கோங்க... விசில் திருப்பரங்குன்றம் வரைக்கும் கேக்கும். அத எவனாவது போன்ல எடுப்பான், வாட்ஸ்அப்ல அது தானாப் போகும். நீ விளம்பரத்துக்கு ஒத்த ரூபா கட்ட வேணாம்.

ராத்திரி பத்தரைக்கு திரும்பக் கூப்பிட்டு இதெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "ஜிம்முக்கு ஒரு பொண்ணு வருதுடா, கோச்சிங் குடுத்தா பிச்சிடும். அவங்க வீட்டுல பேசணும்"னான். நகைல பாதிய மீட்டுடுறேன்னும் சொன்னான். எப்பன்னு கேட்டா பதில் வரல.

டிஸ்கி: ரெண்டாவது வில்லன் கழுத்துல ஐடி கார்டு, காதுல ஹெட்செட்டு, "நான் கால்ல இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே அடி வாங்குறவன். அதுக்கு என்னையே கேக்குறான் பாவி. அப்ரைசல் முடியட்டும்னு சொல்லியிருக்கேன். அவ்வ்வ்வ்...