பரிசு கொடுங்கள், தோட்டத்துக்கும் அனுப்புங்கள்

இளம் மனநல டாக்டர்களுக்கு ஆராய்ச்சிப் பரிசு கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. நோயாளியை மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் கொண்டு வந்து சேர்ப்பது எப்படி என்று ஆராய்வோருக்கென்றே தனிப் பரிசுகளும் இருக்கின்றன. மறுவாழ்வு, சமூக மனநலம் என்று அத்துறையைச் சொல்வார்கள். "அந்தக் காசுக்கு நாலு பேருக்கு மருந்து வாங்கலாமே, டாக்டருக்கு எதுக்குப் பரிசு?" என்று நம்மவர்கள் கேட்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. மருந்து கொடுக்க ஆள் இருக்கிறது. மருந்து சாப்பிட்டுத் தெளிந்தவன் அப்புறம் என்ன ஆனான் என்று பார்க்கத்தான் ஆள் போதவில்லை.

தோட்டத்தில் நடப்பது என்ன? பையன் தனக்குத்தானே பேசுகிறான், ராத்திரி தூங்குவதில்லை. முதலில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். பிறகு பெர்ரி ஏறிப் பினாங்கு. லிட்டில் இந்தியாவில் குவீன் ஸ்திரீட் மாரியம்மனுக்கு அர்ச்சனை, அப்படியே சூலியா ஸ்திரீட் நாகூர் தர்காவிலும் ஒரு வேண்டுதல். சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் கும்பிடுகிறவன்தான். ஆனால் அங்கிருந்து பெரியாஸ்பத்திரி கொஞ்ச தூரம்தானே! பொது ஆஸ்பத்திரிக்குள் மனநோய்க்கென்று இந்நாட்டில் முதல் பிரிவு தொடங்கியது அங்கேதான், 1958இல். அர்ச்சனைத் தட்டோடு திரும்பி விடுகிறோம். காரணம் பயம். 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரிக்கு 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் வைத்தும் அந்த ஊர்ப்பெயர் நம் வாயில் வசவாகத்தான் வருகிறது.

சென்னையில் 1981இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். மனச்சிதைவு நோய் முதன்முதலாகக் கண்ட 90 பேரை எடுத்துக்கொண்டு, பத்து வருஷம், இருபது வருஷம் என்று விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். டாக்டர் ஆர். தாரா அதில் முன்னின்றவர். காதில் குரல் கேட்பது நின்றதா என்பதோடு விடவில்லை. வேலைக்குப் போகிறாரா, கல்யாணம் ஆனதா, அது நிலைத்ததா என்றும் கேட்டார்கள். பத்து வருஷத்தில் பெரும்பாலோர் நன்றாகத் தேறியிருந்தார்கள். புருஷன் விட்டுப்போன பெண் நோயாளிகளைப் பற்றித் தனியாக ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். பைத்தியம் என்ற பேரைவிட வாழாவெட்டி என்ற பேர்தான் பல குடும்பங்களை அதிகம் சுட்டதாம்! நம் லயத்து அம்மாக்களுக்கு இது புதுச் செய்தியா? ஆனால் ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்டு எழுதினால்தான் சர்க்கார் காதில் ஏறும்.

டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய 'ஸ்கார்ப்' நிறுவனம் பிற்பாடு இந்த வேலையைத் தொடர்ந்து நடத்தியது. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியை நடத்தியவர் அவர். 1992இல் பத்மபூஷண் பெற்றார், 2021இல் மறைந்தார். 2010 முதல் அந்த நிறுவனம் புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு பஸ்ஸைக் கிராமம் கிராமமாக அனுப்பி, சென்னையில் இருக்கும் டாக்டரைத் திரை வழியே நோயாளியோடு பேச வைத்தது. நம்மில் பலருடைய தாத்தாமார் கப்பலேறிய சீமை அது.

எனக்கு இன்னொரு ஆராய்ச்சிதான் நெருக்கம். 2014இல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா மூன்றிலும் சேர்த்து 282 நோயாளிகள். சிலருக்கு ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீட்டுக்கே போய் உதவினார்கள். ஒரு வருஷத்தில் பின்னவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். கொஞ்சம்தான், ஊதிப் பெரிசாக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்குப் போனவர்கள் டாக்டர்கள் அல்ல, படிப்பில் என்னைப் போன்றவர்கள்தான்.

நம் தோட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் கிடக்கின்றன. மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு விடியுமுன் பெரட்டுக்கு எழுந்திருப்பது பெரும்பாடு. பேர் வெட்டு விழுகிறது, நாலு நாளில் மாத்திரையை நிறுத்துகிறான், நோய் திரும்புகிறது. நாற்றுமேடையில் காலை எட்டு மணிக்குப் பை நிரப்பும் வேலை கொடுத்தால் அவன் நிலைப்பானா? இதைக் கண்டுபிடிக்கும் இளம் டாக்டருக்குப் பரிசு தாருங்கள், நான் கை தட்டுகிறேன். முடிவை எங்கள் சனங்களுக்குத் தமிழில் வந்து சொன்ன பிறகுதான் பணத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போடுங்கள்.

நம் பக்கமும் ஒன்று உண்டு. கிளைத் தலைவர்மாரே, அப்படி ஒரு டாக்டர் வந்து விசாரித்தால், "எங்க தோட்டத்தில அந்த மாதிரி ஆளுங்க யாரும் இல்லிங்க" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவரை லயத்துக்குக் கூட்டிப் போங்கள், பின்கட்டு அறை வரைக்கும்.