நீயே எழுதிக்கொண்டு வா

2016 நவம்பரில் ஒரு ராத்திரி, விடுதி அறையில் உட்கார்ந்து என்னைப் பற்றி நானே மூன்று பரிந்துரைக் கடிதங்கள் எழுதினேன். ஒன்றில் நான் ஐம்பது வயது துறைத்தலைவர். இன்னொன்றில் தெர்மோடைனமிக்ஸ் நடத்தும் மேடம். மூன்றாவதில் என் ப்ராஜெக்ட் கைடு. ஒரே ஆள் எழுதியது தெரியக்கூடாது என்று மேடத்துக்குக் குட்டி வாக்கியங்கள், கைடுக்கு நீள வாக்கியங்கள், துறைத்தலைவருக்குக் கொஞ்சம் அந்தக்காலத்து ஆங்கிலம். மூன்று பேரும் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். வாழ்க்கையில் நான் எழுதிய முதல் புனைவு அதுதான்.

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். தயங்கித் தயங்கி ஸ்டாஃப் ரூமுக்குப் போவோம். "சார், எல்.ஓ.ஆர். வேணும்." சார் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "நீயே எழுதிக்கொண்டு வாப்பா, பாத்துட்டு அனுப்பிடறேன்." பார்க்க மாட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து அவருடைய கல்லூரி மெயிலுக்கு லிங்க் வரும். சில சமயம் பாஸ்வேர்டையே நம் கையில் கொடுத்துவிடுவார். இதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. 'நடைமுறை' என்கிறோம். இந்த நடைமுறை ஒரு அசிங்கம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும், நினைவிருக்கிறதா? 1974இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மாணவர் தன் கல்விப் பதிவுகளைப் பார்ப்பதற்கு அது உரிமை தருகிறது. சேர்ந்தபிறகு, பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்டுப் பார்க்கலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுத்தால் ஆசிரியர் மனம்விட்டு எழுதியிருப்பார் என்று தேர்வுக் குழு நம்பும். அதனால்தான் "பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். நாம் யோசிக்காமல் 'ஆம்' என்று டிக் அடிக்கிறோம். முந்தின நாள் ராத்திரி நாமே எழுதிய கடிதத்தை, இனி பார்க்கவே மாட்டோம் என்று சத்தியம் செய்கிறோம்.

அடுத்து தரவரிசைக் கட்டம். இந்த மாணவர் வகுப்பில் முதல் 1 சதவீதமா, 5 சதவீதமா, 10 சதவீதமா? எல்லோரும் முதல் 1 சதவீதம்தான். வகுப்பில் 60 பேர். அதில் 1 சதவீதம் என்றால் முக்கால் ஆள்கூடத் தேறாது. ஆனால் அதே வகுப்பிலிருந்து இருபது பேர் அந்த முக்கால் ஆளாகி விமானம் ஏறுகிறோம்.

இதற்கு மூன்று சமாதானங்கள் உண்டு. மூன்றையும் நானே சொல்லியிருக்கிறேன்.

முதலாவது, "எல்லாரும் பண்றாங்க, நான் மட்டும் பண்ணலைன்னா எனக்குத்தான் நஷ்டம்." உண்மைதான். ஆனால் கணக்கை முழுசாகப் போடுங்கள். ஒரு கல்லூரியிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரிப் புகழ்ந்தால், படிக்கிறவர் எதை நம்புவார்? நிஜமாகவே ஒரு ஆசிரியர் ராத்திரி உட்கார்ந்து ஒரு பெண்ணைப் பற்றி எழுதிய கடிதமும் அந்தக் குவியலில்தான் போய் விழும். அவளுக்குச் சேரவேண்டியதைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, "சாருக்கு நேரமில்லை, இங்கிலீஷும் வராது." நேரமில்லை என்பது நிஜம். மூன்று வகுப்புக்குப் பாடம், நாக் ஃபைல், அட்மிஷன் சீசனில் ஊர் ஊராக ஆள்பிடிக்க அலைச்சல். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 'உன்னை எனக்குச் சரியாகத் தெரியாது, வேறு யாரையாவது கேள்' என்று சொல்ல நேரமும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.

மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனமானது. "இந்த சிஸ்டமே அவங்க ஊர்ப் பிள்ளைங்களுக்காகச் செஞ்சது. அங்கே வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார். நமக்கு அது எங்கே?" சரி, நியாயம். ஆனால் நமக்குக் கிடைக்காமல் போனது என்ன என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தோமா? நாலு வருஷம் படித்தும், நம்மைத் தெரிந்த பெரியவர் ஒருவர்கூட இல்லை. கோபம் வரவேண்டிய இடம் அது. நாமோ வேர்ட் ஃபைலைத் திறந்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டு நகர்கிறோம். கல்லூரிக்கும் வசதி. யாரும் கேட்கமாட்டார்கள்.

என் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். எங்கள் லேபில் ஒரு சென்ட்ரிஃப்யூகல் பம்ப் இருந்தது. கிளாண்டில் ஓயாமல் ஒழுகும். ரீடிங் ஒருநாளும் சரியாக வராது. எல்லோரும் சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துத்தான் எழுதினோம். மூன்றாம் வருஷ லீவில் லேப் டெக்னீஷியன் அண்ணனும் நானும் அதைப் பிரித்து, பேக்கிங் மாற்றி, நாலு நாள் மல்லுக்கட்டினோம். கடைசியில் நிஜமான ரீடிங் எடுத்தேன். எஃபிஷியன்சி, நோட்டில் இருந்ததைவிட ரொம்பக் கம்மி. அந்த நாலு நாளில்தான் எனக்கு இன்ஜினியரிங் பிடித்தது. ஆனாலும் ரெக்கார்டில் பழைய நம்பரையே எழுதினேன். இல்லாவிட்டால் சைன் கிடைக்காது.

பரிந்துரைக் கடிதம் எழுத நான் பழகியது அங்கேதான்.

இதில் என்னை உறுத்துவது பொய் சொன்னது மட்டுமல்ல. அந்த மூன்று கடிதத்திலும் இந்தப் பம்ப் வரவே இல்லை. கன்சல்டன்சி கொடுத்த மாதிரிக் கடிதத்தில் 'தலைமைப் பண்பு', 'குழு உணர்வு' என்று இருந்தது, நானும் அதையே போட்டேன். என்னைப் பற்றிச் சொல்ல இருந்த ஒரே உண்மையை நானே விட்டுவிட்டேன். அதைப் பார்த்த ஒரே மனிதர் பெயருக்கு முன்னால் 'ப்ரொஃபசர்' இல்லை. அவரிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. இன்று அதே மாதிரிக் கடிதத்தை சாட்ஜிபிடி பத்து நொடியில் தருகிறது. ஆங்கிலம் மட்டும்தான் மேம்பட்டிருக்கிறது.

ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். அப்பா வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாணவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லவேண்டிய தாள்கள் எல்லாம் கதை, பத்திரம் மட்டும் அசல். அந்த ஃபைலை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

என்ன செய்யலாம்? கடிதத்தை எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கத்தில் விவரம் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன செய்தேன், எது சொதப்பியது, பிறகு எப்படிச் சரிசெய்தேன். கால்மணி நேரம் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். பெரிய பதவியை விட்டு, உங்கள் வேலையைப் பார்த்தவரிடம் போங்கள், அவர் நேற்றுச் சேர்ந்த உதவிப் பேராசிரியராக இருந்தாலும். இரண்டாம் வருஷத்திலேயே ஒரு ஆசிரியருக்கு உங்களைத் தெரியவிடுங்கள். கடைசி செமஸ்டரில் அறிமுகம் தேடினால் கிடைக்காது.

போன வருஷம் என்னிடம் வேலை பார்த்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, எல்.ஓ.ஆர். ட்ராஃப்ட் நானே அனுப்பிடட்டுமா?" வேண்டாம் என்றேன். இரண்டு சாயங்காலம் ஆனது. அவன் கோட் அழகாக எழுதுவான், டெஸ்டிங்கில் அவசரப்படுவான், சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வான். மூன்றையும் எழுதினேன். தரவரிசையில் முதல் 10 சதவீதம் என்று போட்டேன். ஐந்து இடத்தில் விண்ணப்பித்தான், இரண்டில் கிடைத்தது.

"என்ன எழுதினீங்கண்ணா, காட்டுங்க" என்று இன்னும் நச்சரிக்கிறான். காட்டமாட்டேன். பார்க்கமாட்டேன் என்று அவன் டிக் அடித்திருக்கிறான்.